மூட்டைக்கு ஒன்று

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சென்ற ஆண்டு வசந்தத்தில் என் நிறுவனம் என்னை ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே உள்ள ஒரு பழைய உடுப்புத் தரம்பிரிப்புக் கூடத்துக்கு அனுப்பியது.
2. அங்கே நிறுவப்போகும் இயந்திரத்துக்கு, உடுப்பைப் பார்த்துத் தரம் சொல்லப் பழக்குவது என் வேலை.
3. அந்த இயந்திரம் அதிகம் கற்றுக்கொண்டது நான்காம் மேசையில் நின்றவரிடமிருந்து.
4. பதினோராம் வாரம், என் வாராந்தரப் பட்டியலில் நான்காம் மேசையைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அது உண்மை.
5. பதின்மூன்றாம் வாரம், அதை விளக்கி இன்னொரு வரி எழுதினேன். அது பொய்.
6. பதினான்காம் வாரம் அவர் அந்த மேசையில் இல்லை.
7. என் தகுதிகாண் காலம் நல்லபடியாக முடிந்தது.

எதையும் இப்படி வரிசையாக எழுதி வைத்தால் எனக்கு மூச்சு சற்றுச் சீராகும். ஆனால் மேலே உள்ள ஏழையும் எத்தனை முறை படித்தாலும் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிய வராது. அதற்காகத்தான் இது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். குட்டையான உருவம், முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. கூடத்தில் இருந்த துருக்கியரும் போலந்துக்காரரும்கூட அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் திருத்தவில்லை. நானும் வேறு பெயர் எழுதப்போவதில்லை.

ஜெர்மனியில் தெருவோரப் பெட்டிகளில் மக்கள் போடும் பழைய உடுப்புகள் லாரிகளில் அங்கே வரும். பெல்ட்டில் ஊர்ந்து மேசைகளுக்குப் போகும். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் நான்கு கூண்டு வண்டிகள். முதல் தரம் இந்த நாட்டுக் கடைகளுக்கே திரும்பிப் போகும். இரண்டாம் தரம் கிழக்கு ஐரோப்பாவுக்கு. மூன்றாம் தரம் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. மிச்சம் கிழித்துத் துடைக்கும் துணி. ஒரு வண்டி நிறைந்தால் அழுத்தி, பிளாஸ்டிக் பட்டை போட்டு, மேசை எண்ணை எழுதி ஒரு மூட்டையாகக் கட்டுவார்கள்.

மற்றவர்கள் ஓர் உடுப்பை எடுத்தால் கறை, கிழிசல், கம்பெனிப் பெயர் மூன்றையும் பார்ப்பார்கள். அக்கா தோள்பட்டை இரண்டையும் பிடித்து ஓர் உதறு உதறுவார். “இது ஆருக்கு?” என்று வாய்க்குள் கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். “இது கந்தோர் வேலைக்குப் போற பொடியனுக்கு.” “இது கலியாண வீட்டிலை முன்வரிசையிலை இருக்கிற மாமிக்கு.” “இது ஒருத்தருக்குமில்லை, பாவம்.” அதற்குள் உடுப்பு உரிய வண்டியில் விழுந்திருக்கும். நான் அளந்திருக்கிறேன், ஒன்றுக்கு மூன்று நொடிக்கு மேல் போகாது. தேநீர் இடைவேளையில் யாராவது பிஸ்கட் நீட்டினாலும் “ஆருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

ஒவ்வொரு மேசைக்கு மேலும் நான் ஒரு கேமரா பொருத்தினேன். உடுப்பின் படம், அது விழுந்த வண்டி, நேரம் என மூன்றும் பதிவாகும். முதல் நாள் அவர் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார்.

“பிள்ளை, உது என்னையும் படம் எடுக்குதோ?”

“இல்லீங்கக்கா. துணிய மட்டும்தானுங்க.”

“அப்ப சரி. இண்டைக்கு நான் சீப்பெடுத்துத் தலை இழுக்கேல்லை.” பிறகு சற்று நேரம் என்னைப் பார்த்தார். “உந்த ‘ங்க’வை ஒரு நாளைக்கு எத்தினை தரம் போடுவாய்? வாய் நோகாதோ?”

“எங்க ஊர்ப் பழக்கமுங்க.”

“எனக்குப் பிறகு இந்த வேலையை உது செய்யுமோ?”

இந்தக் கேள்விக்கு நிறுவனத்தில் எங்களுக்கு ஒரு பதில் கொடுத்திருந்தார்கள். “உங்களுக்கு ஹெல்ப் பண்ணத்தானுங்கக்கா.”

“ஓமோம்,” என்றார் அடுத்த சட்டையை உதறியபடி. “உதவிக்கெண்டு வந்தவையாலை நான் நாலு தரம் வீடு விட்டு ஓடினனான்.”

நான் திருப்பூரைச் சேர்ந்தவள். ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, பிறகு கார்ல்ஸ்ரூஹேயில் படங்களை அடையாளம் காணும் மென்பொருள் படித்தேன். அம்மா இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார், அதாவது தைத்து வந்த துணியில் பிழை தேடி ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. ஏற்றுமதிக்குக் கதவு அகலத் திறந்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு லிஃப்ட் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஓவர்டைம் வந்தது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, நான் படித்ததும் அதில்தான். ஆனால் ஒரே தெருவில் நின்று, ஒரே கப்பலில் ஏறிய துணியால், சிலர் மாடிக்கும் சிலர் அதே இடத்துக்கும் போனதை நான் சிறு வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எங்கள் ஊர் டீ-சர்ட் ஒன்று நான்காம் மேசைக்கே வந்தது. காலர் ஓரத்துத் தையலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்பட்டியைத் திருப்பி ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று காட்டினேன். அக்கா கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்துவிட்டு மூன்றாம் தரத்தில் எறிந்தார்.

“உங்கட ஊர்ச் சட்டை ஒரு வருசத்திலை கழுத்து இளகிப்போச்சு.”

“அது பையர் கேட்ட ஜிஎஸ்எம், துணிக் கனமுங்கக்கா. அவங்க மெல்லிசா கேட்டா நாங்க மெல்லிசாத்தானே போட முடியும்?” என் அம்மாவைச் சொல்லிவிட்டதைப்போல எனக்குச் சுருக்கென்றது.

“கோவிக்காதை. அங்க போய் இன்னொருத்தன் போடுவான். உன்னைவிட நல்லா ஊர் சுத்துது உந்தச் சட்டை.”

பட்டியலை நான் அப்போது நல்ல பொருளாகவே நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூடத்தின் மேலாளருக்கு ஒன்று அனுப்புவேன். எந்த மேசையில் என்ன பிழை, எத்தனை, எப்போது. மேலாளர் ஒரு ஜெர்மன் பெண்மணி. தொழிலாளர்களின் குழந்தைகள் பெயர் வரை நினைவில் வைத்திருப்பவர். இயந்திரம் சரியாக ஓடினால் ஐந்து மேசைகளை இரண்டாகக் குறைக்க வேண்டும் என்று முதலாளி அவரிடம் சொல்லியிருந்தார். எந்த இரண்டு என்பதை இந்தப் பட்டியல்களை வைத்தே முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. எட்டாம் வாரம் மேலாளர் ஒரு சோதனை வைத்தார். இருநூறு உடுப்புகளை முதலில் இயந்திரத்தின் முன்னும் பிறகு அக்காவின் முன்னும் விட்டோம். இயந்திரம் முப்பதுக்கும் மேல் தவறியது. அக்காவின் முடிவில் இரண்டே இரண்டை மேலாளர் மறுத்தார். அக்கா அந்த இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அக்குளைத் திருப்பிக் காட்டினார். மேலாளர் இரண்டையும் ஒப்புக்கொண்டார்.

“என்ரை முழங்கால் பிழை விடும். கண் விடாது,” என்றார் அக்கா என்னிடம். “உன்ரை மிஷினுக்குச் சொல்லி வை.”

அவருக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். உடையிலோ வீட்டிலோ பிள்ளைகளின் படிப்பிலோ அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

கோபமும் ஒன்றுதான். மூன்றாம் தர வண்டியில் யாராவது கம்பளிக் கோட்டைப் போட்டால் அவரால் தாங்க முடியாது. ஒரு முறை இரண்டாம் மேசைக்கு நொண்டிக்கொண்டே போய், ஒரு கனத்த கோட்டை வண்டியிலிருந்து இழுத்து எடுத்து, போட்ட பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தார். “அங்க வெயில் மண்டையைப் பிளக்குது! இது ஆருக்கு? சொல்லு, ஆருக்கு?” அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அதன் பிறகு அவள் கோட்டு எதையும் அங்கே போடவில்லை.

இடைவேளையில் அதற்கான கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இடம்பெயர்ந்து வன்னியில் கொட்டிலில் இருந்த காலம். எங்கிருந்தோ உதவியாகப் பழைய உடுப்பு மூட்டைகள் வந்திருக்கின்றன. பதின்மூன்று குடும்பம், பதின்மூன்று மூட்டை. பிரித்துப் பார்த்தால் சண்டை வரும் என்று சீட்டுக் குலுக்கி, கட்டியபடியே கொடுத்திருக்கிறார்கள்.

“பக்கத்துக் கொட்டிலுக்கு எல்லாம் சீலை. வடிவான சீலை, பிள்ளை. எங்கட மூட்டையை வெட்டினால் முழுக்கக் குளிர்க்கோட்டு! பதினொரு கோட்டு! வன்னி வெயிலுக்கை! இவர் ஒண்டைப் போட்டுக்கொண்டு வெளியிலை வந்து நிண்டார் பார், சனம் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சது.”

“என்ன பண்ணுனீங்க அத்தனையும்?”

“பாயா விரிச்சுப் படுத்தனாங்கள்.”

நானும் சிரித்தேன். கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பதினோராம் வாரம் நான்காம் மேசையின் பதிவுகளில் ஒன்றைக் கவனித்தேன். முதல் தரத்துக்குப் போக வேண்டிய, கறையோ கிழிசலோ இல்லாத ஓர் உடுப்பு மூன்றாம் தர வண்டியில் விழுந்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன், இன்னொன்று. அதற்கு முன் இன்னொன்று. களைத்தவர்களின் பிழைகள் எனக்குப் பழக்கம். அவை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கூட்டமாக வரும். இவை அப்படி வரவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று, வண்டி பாதி நிறைந்திருக்கும்போது. எந்த வண்டியிலும் இரண்டு இல்லை. ஒன்றும் இல்லாத வண்டியும் இல்லை.

கேமராக் கோளாறாக இருக்குமோ என்று இரண்டு நாள் சோதித்தேன். இல்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எழுதினேன்: ‘நான்காம் மேசை. மூன்றாம் தர வண்டியில் முதல் தர உடுப்பு. வண்டிக்கு ஒன்று. சீராக.’ அனுப்பினேன். அதற்கு முன் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவேயில்லை. என் பட்டியலில் ஆட்கள் இருந்ததில்லை, மேசைகள்தான் இருந்தன.

திங்கட்கிழமை இடைவேளையில், மடிக்கணினியில் அந்த வரைபடத்தைக் காட்டி, “இது என்னங்கக்கா?” என்றேன். ஏதோ புதிர் கண்டுபிடித்த உற்சாகம் எனக்கு.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “உதை ஆருக்குக் காட்டினனி?”

“மேலாளருக்கு அனுப்பிட்டனுங்க.”

கையில் இருந்த பணிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை எனக்குத் தந்தார். எப்போதும் செய்வதுதான். பிறகு சொன்னார்:

“அண்டைக்குப் பதினொரு கோட்டெண்டு சொன்னனான். அதுக்கு நடுவிலை ஒரு சட்டை இருந்தது. பெரிய வடிவெண்டு சொல்ல ஏலாது, மண்ணிறம். ஆனால் புதுசு. என்ரை மோளுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனவள். இவர் சொன்னார், ஆரோ தவறிப் போட்டிருப்பினம் எண்டு. நான் நம்பேல்லை. மேல கிடந்தால் தவறி விழுந்தது. நடுவிலை கிடந்தால் ஆரோ வைச்சது. மேல வைச்சால் மூட்டை கட்டுறவன் எடுத்துப்போடுவான் எண்டு தெரிஞ்ச மனுசி.”

“எத்தனை வருஷமா இப்படிப் பண்றீங்க?”

“இஞ்ச வந்த நாளிலையிருந்து.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “உனக்கு இன்னும் புறோபசைட் முடியேல்லை என்ன?” என்றார்.

இல்லை என்றேன். தகுதிகாண் காலத்தில் இன்னும் ஆறு வாரம் இருந்தது. அந்த வேலை போனால் இந்த நாட்டில் நான் இருப்பதற்கான அனுமதியும் ஆட்டம் காணும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலாளர் என் வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படிக்கவில்லையோ என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அதே பன்னிரண்டாம் வாரம் மேற்கு ஆப்பிரிக்காவின் லோமே நகரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கூடத்தின் பெரிய வாடிக்கையாளர். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து சரக்கைப் பார்ப்பவர். உயரமான அம்மா, தலையில் மஞ்சள் துணிக் கட்டு. ஆங்கிலம் பேசுவார் என்பதால் கூடத்தைச் சுற்றிக் காட்ட என்னையும் அனுப்பினார்கள். நடந்துகொண்டே தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு நெசவு மில் இருந்ததாம், அவருடைய அம்மா அங்கே வேலை செய்தாராம். துறைமுகத்தில் எதையும் இறக்கலாம் என்று ஆன பிறகு மில் மூடிவிட்டது.

“எல்லோருக்கும் மலிவாக உடுப்பு கிடைத்தது. அது நல்லதுதான்,” என்றார். “என்னைப் போலக் கிடங்கு வைத்திருந்தவர்களுக்கு வீடு கிடைத்தது. மில்லில் இருந்தவர்களுக்கு மூட்டை கிடைத்தது.”

மில்லில் இருந்தவர்களின் பிள்ளைகள் இவரிடமிருந்து ஆளுக்கு ஒரு மூட்டை வாங்கிச் சந்தையில் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. காலையில் கடையில் வைத்துப் பட்டையை வெட்டும்போதுதான் அந்த மாதம் எப்படி என்பது தெரியும். “பட்டையை வெட்டும்போது ஒருத்தியும் பேச மாட்டாள்,” என்றார்.

பிறகு மேலாளரின் அறையில் காபி. வியாபாரி அம்மா மனமாரப் பாராட்டினார்.

“உங்கள் மூன்றாம் தரத்தில் நான்கு என்று எழுதிய மூட்டையைத்தான் என் சின்னக் கடைக்காரிகள் எண் சொல்லிக் கேட்கிறார்கள். மற்ற மூட்டைகளில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதில் எப்போதும் ஒன்று இருக்கும். நடுவில் இருக்கும். அந்த ஒன்றை விற்றால் மூட்டை நட்டமில்லை.”

மேலாளர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். என் வரியை அவர் படித்திருந்தார்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இந்தத் தொழிலில் ஒரு பழைய திருட்டு உண்டு. மேசையில் நிற்பவரும் வாங்குபவரும் கூட்டுச் சேர்ந்து, நல்ல சரக்கை மலிவு மூட்டையில் அனுப்பிக்கொள்வது. அவர் அதைத்தான் சந்தேகித்தார். ஆனால் சந்தேகிக்க விரும்பவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

“எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்,” என்றார். “வேண்டுமென்றே என்றால் இன்றே அனுப்ப வேண்டும், புகாரும் கொடுக்க வேண்டியிருக்கும். களைப்பால், பார்வைக் குறைவால் வந்த பிழை என்றால் மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிடலாம். ஓய்வூதியம் வரை அங்கே இருக்கட்டும். உங்கள் தரவு என்ன சொல்கிறது?”

தரவு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று மாலை ரயிலில் இரண்டு பத்திகள் போட்டு எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. சொல்லாவிட்டால் என்ற பத்தியில் அவருக்கு நல்லவை மட்டுமே வந்தன. எனக்கும்தான். பதின்மூன்றாம் வாரப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் திங்கட்கிழமையே அனுப்பினேன். அதில் எழுதினேன்: ‘நான்காம் மேசை. களைப்பு அல்லது பார்வைக் குறைவால் ஏற்படும் பிழை.’

அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மாலை ஹம் ரயில் நிலைய மேடையில் அவர் என்னை நோக்கி நேராக வந்தார். கையில் ஒரு கடிதம்.

“கண் பாக்கிறதுக்கு நாள் குறிச்சு டெர்மின் வந்திருக்கு. மோள் வாசிச்சுச் சொன்னவள். நீதானே எழுதினனி?”

“ஆமாங்கக்கா. வேலை போகாம இருக்கத்தான்...”

“எனக்குக் கண் பிழையெண்டோ?”

“அக்கா, இல்லைன்னா திருட்டுன்னு சொல்லிருவாங்க. போலீஸ் வரைக்கும் போகும்.”

“களவெண்டு சொல்லட்டும்.” அவர் குரல் உயரவில்லை. “களவெடுக்கிறவளுக்குக் கண் இருக்கும். நீ என்ரை கண்ணை எடுத்துப்போட்டாய்.”

“நீங்க மடிக்கிற பக்கம் போயிட்டா...”

“அங்க போனால் மூட்டைக்கு ஆர் வைக்கிறது? உன்ரை மிஷினோ?”

ரயில் வந்தது. வழக்கமாக நாங்கள் ஒரே பெட்டியில் ஏறுவோம். அவர் முன்னால் நடந்து வேறு பெட்டியில் ஏறினார்.

பதினான்காம் வாரத்தின் முதல் நாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அக்கா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். தலையை நன்றாக வாரி இழுத்து, காதில் சிறிய தோடு போட்டிருந்தார். மொழிபெயர்க்க நான் வேண்டும் என்றார்கள். நான் உட்காரும் முன்பே அவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டார், நிறுத்தி நிறுத்தி: “கைன் ஃபேலர். அப்ஸிஷ்ட்.” பிழை இல்லை, வேண்டுமென்றே.

மிச்சத்தைத் தமிழில் சொன்னார், நான் ஜெர்மனில் சொன்னேன். ஆப்பிரிக்காவில் தனக்கு யாரையும் தெரியாது. யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. மூட்டைக்கு ஒன்றுதான், இரண்டு வைத்ததில்லை. கோட்டுக் கதையை அவர் சொல்லவில்லை. சொன்னால் மேலாளர் இளகியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மேலாளர் என்னைப் பார்த்தார். “நீங்கள் பிழை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இது தெரியுமா?”

அந்த அளவு ஜெர்மன் அக்காவுக்குப் புரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தமிழில் சொன்னார்:

“பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு.”

நான் மேசை மேலிருந்த என் பட்டியலைப் பார்த்தேன்.

“மொழிபெயர்க்கத்தானே வந்தனி? அதையும் மொழிபெயர்.”

மொழிபெயர்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்கிறார், என்றேன். இலக்கணப் பிழை இல்லாமல், தெளிவாக.

புகார் கொடுக்கவில்லை. அவராகவே விலகுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, பெல்ட்டில் அந்த நேரம் வந்துகொண்டிருந்த ஒரு சட்டையை எடுத்து உதறி, பார்த்து, உரிய வண்டியில் போட்டுவிட்டுப் போனார். எந்த வண்டி என்று நான் பார்க்கவில்லை. பதிவில் இருக்கும். அதையும் பார்க்கவில்லை.

அக்கா வண்டிக்கு ஒன்றாக வைத்த உடுப்புகளின் பதிவுகளை நீக்கிவிட்டு இயந்திரத்தை மறுபடி பழக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அதுவும் எப்போதாவது ஒன்றை அங்கே போடும். நானூற்றுப் பதினேழு படங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நீக்க வழி உண்டு. நான் ஒவ்வொன்றாகத் திறந்து நீக்கினேன். மஞ்சள் கவுன். பொத்தான் எல்லாம் இருந்த வெள்ளைப் பள்ளிச் சட்டை. கை வைக்காத பூப்போட்ட மேல்சட்டை. பெரும்பாலும் பெண் குழந்தைகளுடையவை, எல்லாம் மெல்லிய பருத்தி. ஒன்றுகூடக் கம்பளி இல்லை. கோட்டு இல்லை.

இயந்திரம் நன்றாகக் கற்றுக்கொண்டது. முதல் தரத்தை இன்னும் நுணுக்கமாக இரண்டாகப் பிரித்துக் கூடுதல் விலைக்கு விற்க முடிகிறது. குளிர்காலத்தில் வியாபாரி அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சின்னக் கடைக்காரிகள் இப்போது இந்தக் கூடத்து மூட்டையைக் கேட்பதில்லை, இரண்டு பேர் கடையையே விட்டுவிட்டார்கள், இனி தனக்கு முதல் தரம் மட்டும் போதும். மேலாளர் அதை எனக்கும் அனுப்பி, ‘முதலாளிக்கு மகிழ்ச்சி’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எழுதும்போது அவருக்கு மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு ஒரே ஒரு முறை தொலைபேசினேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் பேசினேன். ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை கிடைத்திருந்தது.

“இஞ்ச எல்லா உடுப்பிலையும் ஆக்களின்ரை பேர் தைச்சிருக்கு, பிள்ளை. ஆருக்கெண்டு கேக்கத் தேவையில்லை. வாசிச்சு மடிச்சு வைக்கிறதுதான்.” பிறகு, “உனக்குப் புறோபசைட் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சிருச்சுங்கக்கா.”

“நல்லது. மிஷின் என்ன செய்யுது? பிழை விடுதோ?”

“இல்லீங்கக்கா.”

“அப்ப சரி,” என்றார். “வேலை கிடக்கு, வைக்கிறன்.”

இன்றைய நிலை இது. இயந்திரம் இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. நான்காம் மேசை இருந்த இடத்தில் அது நிற்கிறது. அது வந்த நாளிலிருந்து மூன்றாம் தர மூட்டை எதிலும் ஒரு நல்ல உடுப்புகூடப் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு மணிக்கு அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது நான்.